அமராவதி அணையில் பிறக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்திருந்தன. ஒன்று, ‘திடீர் வெள்ளத்தால்’ அமராவதி அணைக்கு நீர்வரத்து கூடியிருக்கிறது என்பது. அதில் ‘அமராவதி அணையில் உற்பத்தியாகி கரூர் அருகே காவிரியில் கலக்கும் அமராவதி ஆறு’ என்று ஒரு வரி. மற்றொன்று ஒரு படமும் நாலு வரியும்: ‘யாரும் அறியாத சொர்க்கம் கூட்டார்’. எங்கே வண்டியை நிறுத்துவது, எந்தப் பக்கம் காட்டுக்குள் இறங்கினால் யார் கண்ணிலும் படாமல் போகலாம் என்பதுவரை அதில் இருந்தது. முதல் செய்தியில் வரும் ஆறு பிறப்பது இரண்டாவது செய்தியில் வரும் இடத்தில்தான். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்தவருக்கு அது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் முதல் வரியை அப்படி எழுதியிருக்க மாட்டார், இரண்டாவதைப் போட்டிருக்கவே மாட்டார் என்று நம்புகிறேன்.

நான் ஆராய்ச்சியாளர் இல்லை. காட்டிலாகாவிலும் வேலை பார்த்ததில்லை. கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தில் ஒன்பது வருடம் உடுமலை வட்டத்து மலைக் குடியிருப்புகள் சில என் பொறுப்பில் இருந்தன. அதில் ஒன்று தளிஞ்சி. அங்கே போக, நீங்கள் படம் போட்ட அந்தக் கூட்டாற்றைத் தாண்ட வேண்டும். வேறு வழியே இல்லையா என்று முதல் தடவை கேட்டேன். இருக்கிறது நர்சம்மா, ஆனால் அது யானைக்குத்தான் சரிப்படும் என்று சிரித்தார்கள்.

மாதம் ஒரு நாள் உடுமலையில் மூணாறு போகும் பஸ் ஏறுவேன். ஒன்பதாறு சோதனைச் சாவடியில் வண்டி நின்றதும் வனக்காவலர் ஒருவர் என் மடியில் இருக்கும் பெட்டியைத் தட்டிப் பார்த்து, ‘என்னங்கம்மா, ஐஸ்கிரீமா?’ என்பார். ஒன்பது வருடமும் அதே கேள்விதான். சின்னாறு சோதனைச் சாவடியில் இறங்கி அங்கிருந்து ஆற்றோரமாக நடை. கூட வருவதற்குத் தளிஞ்சியிலிருந்து ஓர் ஆள் வந்து காத்திருப்பார். தோளில் தொங்குவது தடுப்பூசிப் பெட்டி. சுற்றிலும் நாலு ஐஸ் பை, நடுவில் மருந்துக் குப்பிகள். உள்ளே 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஐஸ் உருகித் தண்ணீராகிவிட்டால், அத்தனை தூரம் சுமந்ததும் வீண். அந்தக் கவலையோடு கரையில் நிற்கிறவளுக்கு ஆறு வேடிக்கைப் பொருளாக இருக்க முடியாது. தண்ணீர் ஏறுகிறதா, இறங்குகிறதா, என்ன நிறத்தில் வருகிறது, எதை அடித்துக்கொண்டு வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். கூட்டாற்றை நான் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

முதலில் அந்த வரியைத் திருத்திவிடுகிறேன். அமராவதி அணை கட்டியது 1957இல். ஆறு அதற்கு முன்னாலேயே இருந்தது. சங்கப் பாட்டில் ஆன்பொருநை என்று வருவது இதுதான். சேரர்களின் கருவூர் இதன் கரையில்தான் இருந்தது. அது பிறக்கும் கதை இப்படி. இரவிகுளத்துப் புல்வெளிகளின் தண்ணீரையும் ஆனைமுடியைச் சுற்றியுள்ள மலைகளின் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு மறையூர் வழியாக இறங்கி, தூவானத்தில் அருவியாக விழுந்து வருவது பாம்பாறு. குமரிக்கல் மலையில் புறப்பட்டு, தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லைக்கோடாகவே 18 கிலோமீட்டர் ஓடி வருவது சின்னாறு. ஆனைமலைக்கும் பழனி மலைக்கும் நடுவில் உள்ள மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கிலிருந்து வருவது தேனாறு. மூன்றும் கூடுகிற இடம் கூட்டாறு. அதற்குக் கீழேதான் அமராவதி என்ற பெயர். அணைக்கு வந்து தேங்கி, மடத்துக்குளம், தாராபுரம் எல்லாம் தாண்டி, கரூருக்குக் கீழே திருமுக்கூடலூரில் காவிரியில் சேர்கிறது. கடைசியில் சேருகிற இடத்துக்குக் கோயில் இருக்கிறது, கும்பிட ஆள் இருக்கிறது. முதலில் சேருகிற இடத்துக்குப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதையும் நீங்கள் தப்பாகப் போட்டுவிட்டீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது என் மெமோ கதை. ஒரு ஜூலை மாதம். உடுமலையில் ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிற காலம். ஊரைச் சுற்றி இருக்கிற காற்றாலை எல்லாம் விடாமல் சுற்றிக்கொண்டிருந்தன. தூறல்கூட இல்லை. அந்த மாதம் நான் தளிஞ்சிக்குப் போய்ச் சேர முடியாமல் பாதியில் திரும்பினேன். பயண நாட்குறிப்பில் ‘ஆற்றில் வெள்ளம், கடக்க இயலவில்லை’ என்று எழுதினேன். மேலதிகாரி கூப்பிட்டு, ‘பதினைந்து நாளாக ஒரு பொட்டு மழை இல்லை. எந்த ஆற்றில் உங்களுக்கு மட்டும் வெள்ளம் வந்தது?’ என்று கேட்டார். சொன்னேன். நம்பவில்லை. விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

அன்று அவருக்கு நான் எழுதிக்கொடுத்த பதிலைத்தான் இன்று உங்களுக்கும் எழுதுகிறேன், கொஞ்சம் விரிவாக. தென்மேற்குப் பருவக் காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறது. ஆனைமுடி 2,695 மீட்டர். தென்னிந்தியாவில் அதைவிட உயரமான சிகரம் இல்லை. அந்த மலைத்தொடரில் முட்டி மேலே ஏறும்போது மேகம் மூணாறு பக்கத்திலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கி வருவது வெறும் காற்று. அதனால்தான் உடுமலையில் காற்றாலை, மூணாற்றில் தேயிலை. சின்னாறு காடு இருப்பது சரியாக மலைக்கு இந்தப் பக்கம், மழை மறைவில். அங்கே வருடத்துக்கே சுமார் 500 மில்லிமீட்டர் மழைதான். மழை பெய்கிற நாட்களை எண்ணினால் ஐம்பதைத் தொடாது. பெய்வதும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். கள்ளியும் வேலமும் உடைமுள்ளும் நிற்கிற காடு. நட்சத்திர ஆமை நடமாடுகிற காடு. அப்படிப்பட்ட காட்டுக்கு நடுவில், மேலே பெய்த மழையைச் சுமந்துகொண்டு பாம்பாறு வருகிறது. மேகமே இல்லாத வானம், காலுக்கடியில் புழுதி, முன்னால் மார்பளவு செந்தண்ணீர். நேரில் பார்க்காதவர் நம்ப மாட்டார். என் மேலதிகாரியைக் குறை சொல்லவும் தோன்றவில்லை. உங்கள் செய்தியாளரும் ‘திடீர் வெள்ளம்’ என்றுதானே எழுதினார். வெள்ளம் திடீரென்று வரவில்லை. மேலே இரண்டு நாள் பெய்த பிறகுதான் வந்தது. நமக்குத்தான் திடீரென்று தெரிந்தது.

மழை நின்ற பிறகும் ஆறு நிற்காது. மேலே இருக்கிற சோலைக்காடும் புல்வெளியும் நனைந்த கோணிச்சாக்கு மாதிரி. மழை விட்டு மாசம் போன பின்னும் சொட்டிக்கொண்டே இருக்கும். பங்குனி, சித்திரையில் சுற்றிலும் காடு சருகாகிக் கிடக்கும்போதும் கூட்டாற்றில் கணுக்கால் தண்ணீராவது ஓடும். மடுவில் ஆள் மட்டத்துக்கு நிற்கும். அந்த நேரத்தில் யானையும் காட்டெருமையும் மானும் வருவது அங்கேதான். காலையில் நாங்கள் போய்ச் சேரும்போது மணலில் இரவு வந்துபோன தடங்கள் இருக்கும். கூட வருகிறவர் ஒவ்வொன்றையும் காட்டி, இது நேற்று சாயங்காலம், இது விடிகாலை என்று சொல்லிக்கொண்டே போவார். ஒருநாள் ஒரு தடத்தைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் வேகமாக நடக்க ஆரம்பித்தார். நானும் கேட்கவில்லை.

மழைக்காலத்தில் கூட்டாற்றைத் தாண்டுவதற்குத் தளிஞ்சிக்காரர்களிடம் ஒரு பாடமே இருந்தது. தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார்கள். வெற்றிலை போடுவார்கள், பேசுவார்கள், ஆனால் கண் குச்சியிலேயே இருக்கும். குச்சியைத் தண்ணீர் தொட்டால் இன்று போகக்கூடாது. குச்சிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஈர மணல் தெரிய ஆரம்பித்தால் இறங்குகிறது என்று அர்த்தம். அதைவிட முக்கியம் நிறம். நான் பார்த்தவரையில் சின்னாற்றுத் தண்ணீர் காட்டுக்குள்ளேயே வருவதால் தெளிவாக இருக்கும். பாம்பாறு மறையூர்க் கரும்புக் காடுகளையும் தோட்டங்களையும் கடந்து வருவதால் மழைக்காலத்தில் டீத்தூள் போட்ட மாதிரி வரும். இரண்டும் சேர்ந்த உடனே கலந்துவிடாது. கொஞ்ச தூரம் ஒரு பக்கம் தெளிவும் ஒரு பக்கம் கலங்கலுமாகப் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். அந்தக் கோடு எந்தக் கரைக்குத் தள்ளிப் போகிறது என்பதுதான் கணக்கு. கலங்கல் தெளிவை நெருக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தால் பாம்பாறு ஏறுகிறது. அப்புறம் பச்சை இலையும் முறிந்த சுள்ளியும் மிதந்து வர ஆரம்பிக்கும். ‘பழுத்த இலை வந்தா பயமில்ல நர்சம்மா, பச்ச இலை வந்தா மேல எங்கயோ கரை உடையுது’ என்று ஒரு பெரியவர் சொன்னார். மெமோவுக்குப் பதில் எழுதும்போது இதையும் எழுதினேன். அதை மட்டும் மேலதிகாரி சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தார். பாராட்டா கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆறுகள் கூடுகிற இடத்தில் தண்ணீர் ஒன்றையொன்று தடுத்துச் சுழல்கிறது. வேகம் குறைகிற பக்கத்தில் மணலும் கூழாங்கல்லும் படிந்து திட்டாகிறது. வேகம் கூடுகிற பக்கத்தில் தரையைக் குடைந்து மடுவாகிறது. ஒரே இடத்தில் ஆழமும் மேடும், ஓடுகிற தண்ணீரும் நிற்கிற தண்ணீரும், தெளிவும் கலங்கலும் கிடைத்துவிடுவதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குடித்தனம் வந்துவிடுகிறது. கரையோரத்தில் நீர்மருது, நாவல், புங்கன் எல்லாம் ஓங்கி வளர்ந்து, ஆற்றுக்கு மேல் கிளை கோத்து நிற்கும். பத்தடி தள்ளிப் போனால் முள்காடு. அந்தப் பத்தடிக்குள்தான் சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இதற்கென்றே சரணாலயம் இருப்பது உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். அதற்கு அடுத்தபடியாக இது இருக்கும் முக்கியமான இடம் சின்னாறு. பூனை அளவு இருக்கும், வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளையில் படுத்திருக்கும். தரைக்கு இறங்குவது அபூர்வம். மரத்துக்கு மரம் தாவித்தான் வாழ்க்கை. அதனால் ஆற்றோரத்து மர வரிசை அறுபடாமல் இருந்தாக வேண்டும். நடுவில் நாலு மரத்தை வெட்டிக் காட்சிமேடை கட்டினால் நமக்கு நாலு மரம், அதற்குப் பாதை போச்சு.

முதலை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் படத்தில் ஒரு பையன் மடுவில் குதித்துக்கொண்டிருக்கிறான். அமராவதி அணைப் பக்கத்தில் முதலைப் பண்ணை இருப்பதை எல்லாரும் டிக்கெட் வாங்கிப் பார்த்திருப்பார்கள். 1970களில் ஆரம்பித்த அந்தப் பண்ணைக்கு முட்டை எடுத்தது அணையின் கரையோரத்திலிருந்துதான். அந்த முதலைகள் அணையில் மட்டும் இல்லை. பாம்பாறு, சின்னாறு, தேனாறு மூன்றிலும் இருக்கின்றன. அணைக்கும் ஆற்றுக்கும் நடுவில் அவற்றுக்குக் கதவு கிடையாது.

அடுத்து மீன். இதை எனக்குச் சொன்னது என் மகள், விலங்கியல் படித்தவள். காவிரியில் கூன் விழுந்த முதுகோடு, செதில் ஒவ்வொன்றும் காசளவுக்கு மேல், ஐம்பது கிலோ தாண்டி வளரும் ஒரு மீன் உண்டு. மஹ்சீர் என்பார்கள், பெரிய கெண்டை ஜாதி. வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே தூண்டில்காரர்களுக்கு இதன்மேல் பைத்தியம். 1946இல் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு. இவ்வளவு பேர் பெற்ற மீனுக்கு அறிவியல் புத்தகத்தில் பெயரே இல்லாமல் இருந்தது. இதற்கிடையில் 2007இல், பாம்பாற்றில் பிடித்த சின்னஞ்சிறு குஞ்சுகளை வைத்துப் புது மீன் இனம் ஒன்றை விவரித்து, ரெமாதேவி என்ற விலங்கியல் ஆய்வாளரின் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்தக் குஞ்சும் காவிரியின் அந்தப் பூதமும் ஒரே இனம் என்பது 2018இல்தான் உறுதியானது. மோயாற்றில் பிடித்த மீன்களின் மரபணுவைப் பார்த்துச் சொன்னார்கள். அதே வருடம் உலக அளவிலான பட்டியலில் அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாகச் சேர்க்கப்பட்டது. ஒரே சமயத்தில் பெயரும் வந்தது, எச்சரிக்கையும் வந்தது.

மகள் இதைச் சொன்னபோது எனக்குப் பாம்பாற்றுக் கரை ஞாபகம் வந்தது. குச்சிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் நிறைய மீன் குஞ்சு பார்த்திருக்கிறேன், எது என்று கண்டேனா? இந்த மீனுக்கு வெயில் காலத்தில் ஒதுங்க ஆழமான மடு வேண்டும். மழைக்காலத்தில் முட்டையிட ஏறிப்போகத் தெளிந்த கிளையாறும் கூழாங்கல் தரையும் வேண்டும். இரண்டும் எட்டுகிற தூரத்தில் இருப்பது ஆறுகள் கூடுகிற இடத்தில்தான். கீழே அணை வந்த பிறகு காவிரியிலிருந்து எந்த மீனும் இங்கே ஏறி வர முடியாது. இங்கே இருப்பது போனால் போனதுதான்.

சரி, அந்தப் பெட்டிச் செய்திக்கு வருகிறேன். மக்கள் காட்டைப் பார்க்கவே கூடாது என்பவள் இல்லை நான். சின்னாறு சரணாலயத்தில் கேரள வனத்துறை அனுமதியோடு, அங்கேயே வாழ்கிற மலைவாசிகள் வழிகாட்ட, ஆற்றோரமாக நடத்திக் கூட்டிப்போகிறார்கள். முன்னால் நடக்கிறவருக்குக் குச்சிக் கணக்கும் இலைக் கணக்கும் தெரியும். அது வேறு. உங்கள் செய்தி சொல்வது யாருக்கும் தெரியாமல் புகுந்து போவதை. அது ஆனைமலைப் புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் போவது வனச்சட்டப்படி குற்றம் என்று ஒரு வரிகூட இல்லை. சட்டத்தை விடுங்கள். கோயம்புத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரும் நாலு பையன்கள் வானத்தைப் பார்ப்பார்கள். நீலமாக இருக்கும். தண்ணீர் முழங்கால்வரை இருக்கும். நடுப்பாறையில் ஏறி நின்று செல்பி எடுப்பார்கள். மறையூருக்கு மேலே முந்தின இரவு என்ன பெய்தது என்று அவர்களுக்கு யார் சொல்வது? படித்த அதிகாரியே ‘எந்த ஆற்றில் வெள்ளம்’ என்று கேட்ட இடம் அது. நாளை அங்கே ஏதாவது நடந்தால் அதற்கும் நீங்கள் ‘திடீர் வெள்ளம்’ என்றுதான் தலைப்புப் போடுவீர்கள்.

பாட்டில் விஷயமும் உண்டு. இந்தக் காட்டுக்குள் இருக்கும் ஏழுமலையான் கோயிலுக்கும் கோடந்தூர் கட்டளை மாரியம்மன் கோயிலுக்கும் ஜனங்கள் போய்வருகிற வழியிலேயே என்னவெல்லாம் கிடக்கும் என்று பார்த்தவள் நான். அது சாமிக்குப் பயந்து போகிற கூட்டம். எதற்கும் பயப்படாத கூட்டம் போனால் அந்த மணல்திட்டு என்ன ஆகும்? யானைப் பாதத்தில் குத்திய கண்ணாடிச் சில்லை எடுக்க எந்த நர்சும் போக முடியாது.

கூட்டாற்றைப் பற்றி நீங்கள் எழுதியே ஆக வேண்டும் என்றால் எழுத ஒன்று இருக்கிறது. நான் பணியில் இருந்தவரை தளிஞ்சிக்காரர்கள் ஆற்றைத் தாண்ட நடைபாலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு சம்பவம் சொல்கிறேன். தலைப்பிரசவம், வலி கண்டு ராத்திரியோடு ராத்திரியாகத் தூளி கட்டித் தூக்கி வந்துவிட்டார்கள். கரைக்கு வந்தால் தண்ணீர். சோதனைச் சாவடியிலிருந்து எனக்குத் தகவல் வந்து, ஜீப் பிடித்து நான் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தபோது இருட்டு. அந்தக் கரையில் ஒரு தீப்பந்தம் மட்டும் தெரிந்தது. ஆற்றுச் சத்தத்தில் கத்தினால் கேட்காது. தீப்பந்தத்தை ஒரு தடவை தூக்கினால் வலி வருகிறது என்று அவர்களாகவே ஒரு ஏற்பாடு செய்து தூக்கித் தூக்கிக் காட்டினார்கள். நான் டார்ச்சை வாட்ச்மேல் அடித்து இடைவெளியை எண்ணிக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷம், எட்டு நிமிஷம், எட்டு நிமிஷம். அங்கே கையில் கத்தரிக்கோல் இல்லை, இங்கே கையில் எல்லாம் இருக்கிறது. நடுவில் இருபது முப்பதடி தண்ணீர். விடியப்போகும் நேரத்தில் இந்தக் கரையில் நட்டிருந்த குச்சிக்குக் கீழே ஈர மணல் தெரிந்தது. கயிறு கட்டி நாலு பேர் கைகோத்துத் தூளியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜீப் ஒன்பதாறு தாண்டுவதற்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நலம். அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்யாண வயது.

அவர்களுக்கு ஒரு பாலம் வேண்டும். மடுவை விட்டுத் தள்ளி, ஆள் நடக்கிற அகலத்துக்கு, கீழே தண்ணீரும் யானையும் தடையில்லாமல் போகிற உயரத்துக்கு. கார் போகிற பாலம் வேண்டாம் என்று அவர்களே சொல்வார்கள். கார் வந்தால் பின்னாலேயே யார் வருவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். இப்படி ஒரு பாலத்தைக் கேட்டால் ‘காடு கெட்டுப்போகும்’ என்று பதில் வரும். அதே காட்டுக்குள் ஊர் சுற்ற வழி சொன்னால் ‘சுற்றுலா வளர்ச்சி’. இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

இன்னொரு விண்ணப்பம். தினமும் அணை நீர்மட்டம் என்று ஒரு கட்டம் போடுகிறீர்கள். அமராவதி 90 அடியில் இத்தனை, வரத்து இத்தனை கனஅடி, திறப்பு இத்தனை. என் வீட்டுக்காரர் காலையில் முதலில் பார்ப்பது அதைத்தான். எங்களுக்கும் அந்த ஆயக்கட்டில் இரண்டு ஏக்கர் இருக்கிறது. அந்த அணையை நம்பி 54,000 ஏக்கருக்கு மேல் இருக்கிறது. அந்தக் கட்டத்திலேயே ஒரு வரி சேர்த்து, மூணாறு, மறையூர் பக்கம் முந்தின நாள் பெய்த மழை எத்தனை என்று போடுங்கள். மழை அளவை எடுத்துப் போடுவது பெரிய வேலை இல்லை. அதைப் பார்த்தால் வரத்து கூடப்போகிறதா என்று விவசாயிக்கு ஒரு நாள் முன்னாலேயே தெரியும். ஆற்றங்கரையில் துணி துவைக்கிறவர்களுக்கும் தெரியும். பாம்பாற்றுத் தண்ணீரில் யாருக்கு எவ்வளவு என்பது பழைய வழக்கு. காவிரி நடுவர் மன்றம் 2007இல் கேரளத்துக்கு அதில் 3 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்னது. மேலே தடுப்பணை கட்டும் பேச்சு வரும்போதெல்லாம் இங்கே போராட்டமும் வருகிறது. போராடப் போகிறவர்கள் எத்தனை பேருக்குக் கூட்டாறு எங்கே இருக்கிறது என்று தெரியும்? ஒருமுறை ஆர்ப்பாட்டத்துக்குப் போய்வந்த என் மைத்துனரிடமே கேட்டேன். ‘அதெல்லாம் அணைக்கு அந்தாண்டை எங்கியோ’ என்றார்.

கடைசியாக அந்தப் பெயர். ‘கூட்டார்’ என்று போட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் எழுதியதைப் பார்த்து யாரோ தமிழில் திருப்பி எழுதியிருப்பார்கள். கூட்டார் என்றால் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள், எங்கள் கொங்கு நாட்டில் குலத்துக்குச் சொல்கிற பெயர். இது ஆறுகள் கூடுகிற கூட்டாறு. கடிதம் நீளமாகிவிட்டது, தெரியும். இடம் இல்லையென்றால் முதலையையும் என் மெமோவையும் வெட்டிக்கொள்ளுங்கள். ‘று’ மட்டும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய றகரம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
உடுமலை.